செமன் ரின்னும் பதினாறு மீன்களும்

எங்கட வீடுகளில் ஒரு சாமான் இருக்கு. கடலுக்கு ஆக்கள் போகாத மழை நாளில், சம்பளத்துக்கு முந்தின வாரத்தில், சொல்லாமல் விருந்தாளி வந்து நிற்கிற நேரத்தில் அதைத் திறப்போம். ரின்மீன். சில வீடுகளில் அதற்குப் பெயர் 'செமன்'. "கடைக்கு ஓடிப்போய் ஒரு செமன் ரின் வாங்கிக்கொண்டு வா" என்று அம்மம்மா அனுப்பினால் நாங்கள் வாங்கி வருவது மெக்கரல். ரின்னில் ஒட்டின தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். சல்மனில் இருந்து பெயர் மட்டும் வந்தது, மீன் வரவில்லை.

ஆகவே சல்மன் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அருவியை எதிர்த்துப் பாய்கிற மீன், மேலே வாயைத் திறந்துகொண்டு நிற்கிற கரடி. இது தொலைக்காட்சியில் பார்த்தது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றைத் தேடி வந்து முட்டை போட்டுவிட்டுச் சாகும் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு செப்டெம்பர் மாதம், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற எங்கட தோழி ஒருத்தியின் அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. அங்கே ஹைலண்ட் கிறீக் என்று ஒரு சின்ன ஆறு ஓடுது. முழங்கால் தண்ணி. அந்தத் தண்ணிக்குள்ள ஒரு கை நீளத்தில் பெரிய பெரிய மீன்கள், முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசி உரசி மேலே ஏறுகின்றன. கரையில் ஆக்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். பின்னால ஒரு சின்னக் குரல் "அம்மா அங்க பாருங்கோ, அங்க பாருங்கோ" என்று கத்துது.

நாங்கள் உருகிப்போனோம். உடனே அதை எங்கட பக்கத்தில் போட்டு, கீழே நாலைந்து வரி எழுதினோம். ஊரை விட்டுப் போனவர்கள், கடல் கடந்தவர்கள், பிறந்த மண்ணைத் தேடி வருகிறவர்கள் என்று எங்களிடம் இருந்த எல்லாப் பாரத்தையும் அந்த மீனின் முதுகில் ஏற்றினோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஒரு சிலர் அழுததாகவும் எழுதினார்கள்.

அக்கா மட்டும் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினா. "பிள்ளையள், வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா பிழை. அது இந்த ஊர் மீன் இல்லை. கொண்டுவந்து விட்டது. இந்த ஊர் சல்மன் அழிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல."

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் வாசிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு.

அக்கா சொன்னது சரி. ஒன்ராறியோ ஏரியில் ஒரு காலத்தில் அத்திலாந்திக் சல்மன் நிறைந்து கிடந்தது. குடியேறிகள் வந்து காட்டை வெட்டினார்கள், ஒவ்வொரு ஆற்றிலும் ஆலைக்கு அணை கட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். மீன் குறைவதைக் கண்டு 1866-இல் சாமுவேல் வில்மட் என்பவர் அந்த ஏரிக் கரையில் முட்டை எடுத்துக் குஞ்சு பொரிக்கிற வேலையைத் தொடங்கினார். அந்தக் கண்டத்தின் ஆரம்பகாலப் பொரிப்பகங்களில் ஒன்று அது. குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருந்தார்கள், மீன் குறைந்துகொண்டே போனது. ஏரியின் சொந்தச் சல்மனில் கடைசியாகப் பிடிபட்டதாகப் பதிவில் இருக்கிற மீன் 1898-ஐச் சேர்ந்தது. பிடிபட்ட இடம் ஸ்காபரோ கரை. ஆம், எங்கட ஆக்கள் இவ்வளவு பேர் இப்போது வாழ்கிற அதே ஸ்காபரோ.

இப்போது அங்கே ஆறு ஏறுவது பெரும்பாலும் சினூக் சல்மன். பசிபிக் பக்கத்து மீன். 1960-களின் இறுதியில் இருந்து ஏரிக்குள் விடப்பட்டவற்றின் வழி. தூண்டில்காரர்களுக்கு விளையாட்டு மீனாகவும், ஏரியில் பெருகிப்போன ஏல்வைஃப் என்ற சின்ன மீனைத் தின்பதற்காகவும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அவற்றில் ஒரு பங்கு அந்த ஆறுகளிலேயே பிறக்கின்றன. ஆகவே எங்கட நாலு வரி முழுக்கப் பொய்யும் இல்லை. அந்த மீனுக்கு அதுதான் பிறந்த ஆறு. ஆனால் அந்த ஆறு இழந்த மீன் அது இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே ஒருவன் கேட்டான். "சல்மன் போச்சு, சல்மன் வந்திட்டுது. ஆறு நிறைய மீன் இருக்கு. பிறகென்ன பிரச்சினை?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. பதில் மரபணுவில் இருந்தது.

சல்மன் தன் ஆற்றின் மணத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வரும். சிலது வழி தவறும், ஆனால் பெரும்பாலானவை வரும். இதனால் ஒரு ஆற்று மீன் அந்த ஆற்று மீனோடுதான் பெரும்பாலும் கூடும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே போனால், ஒவ்வொரு ஆற்றுக்கும் தனியாக ஒரு குடி உருவாகிவிடும். பாடப்புத்தகத்தில் 'குடித்தொகை' என்று படித்தோமே, அதுதான். நாங்கள் சுருக்கமாகக் குடி என்கிறோம். ஒரு குடிக்கு நீண்ட தூரம் நீந்துகிற உடம்பு, இன்னொன்றுக்குச் சூட்டைத் தாங்குகிற இதயம், வேறொன்றுக்குப் பனி உருகும் நேரத்தைச் சரியாகப் பிடிக்கிற கணக்கு. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளி மீன். செட்டையில் ஒரு துளி வெட்டி மரபணுவைப் பார்த்தால், இது எந்த ஆற்றுப் பிள்ளை என்று சொல்லலாம்.

இப்படிப் பார்த்தால் 'சல்மன்' என்பதும் எங்கட 'செமன்' மாதிரித்தான். ஒரு பெயருக்குள்ள பலது ஒளிந்திருக்கு. அதில் ஒன்று அழிந்தால், பெயர் இருக்கிறபடியால் அழிந்தது தெரியாது.

எங்களை அதிகம் பிடித்து உலுக்கின கதை அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரியின் கதை. முட்டை போட வருகிற சொக்கை சல்மனின் சிவப்பால் வந்த பெயர் அது. கடலில் இருந்து அந்த ஏரிக்கு ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். கடல்மட்டத்தில் இருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். கொலம்பியா ஆற்றிலும் ஸ்னேக் ஆற்றிலும் மொத்தம் எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். இவ்வளவு தூரமும் உயரமும் ஏறுகிற வேறு சொக்கை இல்லை. 1990-இல் ஒரு மீன்கூட வரவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷோஷோனி-பனொக் மக்கள்தான் இதைப் பாதுகாக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 1991-இல் அது அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் வந்தது ஒன்றே ஒன்று. ஆண் மீன். அதற்கு 'தனிமை லாரி' என்று பெயர் வைத்தார்கள்.

1991-இல் இருந்து 1998 வரை, எட்டு வருஷத்தில் கடலில் இருந்து வந்த மொத்த மீன்கள் 16. எங்கட வகுப்பில் ஒரு வாங்கு வரிசையில் இருந்த பிள்ளைகளை விடக் குறைவு. எல்லாவற்றையும் பிடித்துத் தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் வைக்கவில்லை. ஐடஹோவில் ஒரு பங்கு, வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு பங்கு. ஒரு இடத்தில் பம்பு நின்றாலோ நோய் வந்தாலோ மற்றது மிஞ்ச வேண்டும் என்று.

இங்கேதான் மரபணு வேலைக்கு வருது. 16 மீனில் இருந்து ஆயிரம் மீன் உண்டாக்குவது பெரிய வித்தை இல்லை. ஒரு சோடி மீனில் இருந்தே ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால் எல்லாம் உடன்பிறப்புகள். அடுத்த தலைமுறையில் சகோதரங்களோடு சகோதரங்கள் கூட, நோய்க்கும் சூட்டுக்கும் ஈடுகொடுக்கிற பலம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மீனின் மரபணுவையும் வாசித்து, யாருக்கு யார் எவ்வளவு நெருங்கின உறவு என்று கணக்குப் போட்டு, தூரத்து உறவாகப் பார்த்துச் சேர்த்தார்கள். ஒரு பெண் மீனின் முட்டைகளைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் வேறு வேறு ஆண் மீன். வாசிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கலியாணத் தரகர் வேலைதான். ஆனால் எங்கட தரகர்கள் சொந்தத்துக்குள்ளேயே தேடுவார்கள், இவர்கள் சொந்தம் இல்லாத இடமாகத் தேடுகிறார்கள்.

பலன் கிடைத்தது. தொடங்கினபோது மிச்சமிருந்த மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 95 வீதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2014-இல் 1,500-க்கு மேற்பட்ட சொக்கை அந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தன.

இதோடு முடித்தால் நல்ல படம் மாதிரி இருக்கும். ஆனால் அடுத்த வருஷம், 2015 கோடையில், கொலம்பியா ஆறு சூடாகிப்போனது. ஆயிரக்கணக்கில் ஆற்றுக்குள் நுழைந்த ஸ்னேக் ஆற்றுச் சொக்கைகளில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. சரியான உறவு பார்த்து, சரியாகச் சேர்த்து, சரியாக வளர்த்த மீன்கள். ஆறு சரியில்லை. மரபணுவால் தண்ணியைக் குளிர வைக்க முடியாது. இதை நாங்கள் எங்கட குறிப்புக் கொப்பியில் பெரிசா எழுதி வைத்தோம்.

இன்னொரு விஷயம், பொரிப்பகம் பற்றியது. ஒறிகன் மாநிலத்து ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற மீனை, சல்மனுக்கு நெருங்கின உறவு, பல வருஷம் மரபணுவால் தாய் தகப்பன் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். 2007-இல் வந்த முடிவு: மனிதன் வளர்க்கிற ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் போய்ப் பிள்ளை பெறுகிற திறன் ஏறக்குறைய 40 வீதம் குறையுது. 2016-இல் அதே ஆற்று மீன்களில் இன்னொன்றையும் கண்டார்கள். காட்டு மீனின் பிள்ளைக்கும், பொரிப்பகத்தில் ஒரே ஒரு தலைமுறை வளர்ந்த மீனின் பிள்ளைக்கும் இடையில் 700-க்கு மேற்பட்ட மரபணுக்கள் வேறு விதமாக இயங்கின. தொட்டியில் நெருக்கமாக வாழத் தெரிந்த மீன்தான் தொட்டியில் தப்பும். அந்தக் கெட்டித்தனம் ஆற்றில் உதவாது.

அப்படியென்றால் பொரிப்பகத்தை மூடிவிடலாமா? ரெட்ஃபிஷ் ஏரியில் அது இல்லாவிட்டால் அந்தக் குடியே இல்லை. ஆகவே பதில் லேசு இல்லை. அது ஆஸ்பத்திரி மாதிரி. போகவேண்டிய நேரத்தில் போகத்தான் வேணும். அங்கேயே குடியிருக்க ஏலாது.

கடலில் பிடிக்கிற இடத்திலும் மரபணு உதவுது. கனடாவில் பிரேசர் ஆற்றுக்குத் திரும்புகிற சொக்கையில் பல குடிகள் கலந்து ஒன்றாக வரும். லட்சக்கணக்கில் வருகிற பலமான குடியும், கல்ரஸ் ஏரிச் சொக்கை மாதிரி அழியும் நிலையில் இருக்கிற சின்னக் குடியும் ஒரே வலையில் படும். வலைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே சோதனைக்குப் பிடிக்கிற மீன்களில் மாதிரி எடுத்து, மரபணுவைப் பார்த்து, இப்போது எந்தக் குடி எவ்வளவு போகுது என்று பருவம் நடக்கும்போதே கணக்கெடுக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எப்போது வலை போடலாம், எப்போது நிறுத்தவேணும் என்று முடிவு வருது. மீனவருக்கு இது சும்மா விஷயம் இல்லை. பலமான குடி கண்முன்னே போகும்போது, பலவீனமான குடிக்காக வலையை மடித்து வைக்கச் சொன்னால் அடுப்பு எரியுமா? எங்களில் கடற்கரைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "கணக்கைச் சரியாக் காட்டினால் கேப்பம். காட்டாமல் நிப்பாட்டச் சொன்னால் ஆர் கேப்பினம்?" என்று ஒருத்தி சொன்னா. மரபணு அந்தக் கணக்கைக் காட்டுது. அந்த நட்டத்தை ஆர் சுமப்பது என்ற கேள்வி அப்படியே நிற்குது.

கடைசியாகக் கிளமத் ஆறு. கலிபோர்னியாவுக்கும் ஒறிகனுக்கும் நடுவே ஓடுகிற ஆறு. அதில் சினூக் சல்மன் இரண்டு விதமாக வரும். ஒன்று இலையுதிர் காலத்தில் வந்து உடனே முட்டை போடும். மற்றது வசந்தத்திலேயே கொழுப்போடு வந்து, கோடை முழுக்க மேலே குளிர்ந்த மடுக்களில் சாப்பிடாமல் கிடந்து, பிறகு முட்டை போடும். கரூக் மக்கள் உட்பட அந்த ஆற்றுப் பூர்வகுடிகளுக்கு வசந்த மீன் குளிர்காலம் கழிந்து வருகிற முதல் மீன். அதைத் தனியாகப் பாதுகாக்கவேணும் என்று அவர்கள் நெடுங்காலமாகச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் பலரும், இரண்டும் ஒரே ஆற்றில் நெருங்கின உறவு, ஒன்று போனால் மற்றதில் இருந்து திரும்ப உருவாகும் என்று நினைத்தார்கள்.

2017-இல் வந்த ஆய்வு இதை மாற்றியது. வசந்தத்தில் வருவதா, பிந்தி வருவதா என்பது பெரும்பாலும் மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு சின்ன இடத்தோடு ஒட்டியிருக்கு. ஜிஆர்ஈபி1எல் என்ற மரபணு இருக்கிற இடம். அந்த வசந்த வடிவம் ஒரு குடியில் இருந்து அழிந்தால், நாங்கள் காத்திருக்கிற காலத்துக்குள் அது புதிதாக உருவாகி வராது. பழைய குடியிருப்புகளில் தோண்டியெடுத்த சல்மன் எலும்புகளில் இருந்தும் மரபணு வாசித்தார்கள். அணைகளுக்கு மேலே ஒரு காலத்தில் வசந்த மீன் போனது உறுதியானது. ஆற்றங்கரை மக்கள் சொன்னதைத்தான் எலும்பும் சொன்னது. 2021-இல் கலிபோர்னியா அந்த வசந்த மீனைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் கிளமத்தின் நாலு அணைகள் உடைத்து அகற்றப்பட்டன. அதே வருஷம் ஒக்ரோபரில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் மீன் போகாத இடத்துக்கு, ஒறிகன் பக்கத்துக்குச் சினூக் ஏறியது. ஏறினது இலையுதிர் கால மீன். வசந்த மீன் இன்னும் மிச்சமிருக்கிற கொஞ்சத்தில் இருந்துதான் வரவேணும். அந்தக் கொஞ்சத்தையும் இழந்திருந்தால், திறந்துவிட்ட ஆற்றுக்குள் போவதற்கு ஆள் இருந்திராது.

எங்கட தோழனின் கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறோம். ஆறு நிறைய மீன் இருக்கலாம். அந்த ஆறு தன் ஆயிரக்கணக்கான வருஷத்தில் படித்ததை எழுதிவைத்த மீன் அதுவா என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை திரும்ப வரும். படித்தது திரும்ப வராது.

ஒன்ராறியோவில் இப்போது அதைத்தான் முயன்று பார்க்கிறார்கள். 2006-இல் இருந்து அத்திலாந்திக் சல்மனைத் திரும்பவும் விடுகிறார்கள். ஏரியின் சொந்தக் குடி இல்லாதபடியால், நோவா ஸ்கோஷியாவின் லஹேவ் ஆறு, மேய்ன் மாநிலத்துச் செபாகோ ஏரி, கியூபெக்கின் லாக் சென்-ஜோன் ஏரி என்று மூன்று இடத்துக் குடிகளைத் தேர்ந்தார்கள். எது தாக்குப்பிடிக்கும் என்று பார்க்கிறார்கள். ஒருநாள் ஒன்று வேர்பிடித்தாலும், 1898-இல் ஸ்காபரோ கரையில் பிடிபட்ட மீனின் பிள்ளையாக அது இராது. அதற்காக முயலாமல் இருக்கவும் ஏலாது.

இவ்வளவும் வாசித்த பிறகு எங்கட பழைய படம் ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், எங்களுக்குக் கிட்ட இருக்கிற ஒரு குளத்தில் மீன்குஞ்சு விடுகிற நிகழ்வுக்குப் போனோம். பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, வரிசையாக நின்று படம் எடுத்தோம். பேச்சுகளில் எண்ணிக்கைதான் இருந்தது. என்ன மீன், எங்கே பொரித்தது, குளத்தில் முதலே இருந்த மீன்கள் எவை என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. குளத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அந்தக் குஞ்சு தேவை, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். எங்கட ஊரில் திலாப்பியாவுக்குப் பெயர் 'யப்பான் மீன்'. அதன் ஊர் ஆபிரிக்கா. 1950-களில் இங்கே கொண்டுவந்து விட்டது. கன வீடுகளில் சோற்றுக்குக் கறி அதுதான். அதற்கு முதல் அந்தக் குளத்தில் என்ன மீன் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மம்மாவிடம் கேட்டபோது மூச்சு விடாமல் ஏழு பெயர் சொன்னா. அதில் நாலு நாங்கள் கேள்விப்படாதது. எழுதி வைத்திருக்கிறோம். அதில் எது இன்னும் இருக்கு என்று பார்க்கவேணும்.

ஹைலண்ட் கிறீக் வீடியோவை நாங்கள் அழிக்கவில்லை. கீழே இருந்த வரிகளை மட்டும் மாற்றினோம். என்ன மீன், எங்கே இருந்து வந்தது, அதற்கு முதல் அங்கே யார் இருந்தது என்று எழுதினோம். இந்த முறை ஒருவரும் அழுததாகச் சொல்லவில்லை. பகிர்ந்தவர்களும் குறைவு. அக்கா மட்டும் ஒரு வரி அனுப்பினா: "இப்ப சரி."